அன்றாடப் பயணத்திற்கு ஆல் வீல் டிரைவ் ஹேட்ச்பேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜினின் விசையைக் கொண்டுசேர்க்கும் சிறிய ஹேட்ச்பேக் கார்களை, வேலைக்குப் போய்வருவதற்காக வாங்க நினைப்பவர்களும் ஏற்கெனவே வாங்கி ஓட்டுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. விற்பனைக் கூடங்களில் சொல்லப்படும் விளக்கங்கள் பெரும்பாலும் கார் புறப்படும் விதத்தைப் பற்றியவையாகவே இருப்பதால், அது நிற்கும் விதத்தையும், ஆண்டுக்கணக்கில் அதைப் பேண வேண்டிய முறையையும் பற்றி இங்கே கூடுதலாகப் பேசப்படுகிறது.

ஆல் வீல் டிரைவ் என்பதும் ஜீப்புகளில் உள்ள ஃபோர் வீல் டிரைவ் என்பதும் ஒன்றா?

இரண்டும் ஒன்றல்ல. ஜீப் வகை வண்டிகளில் ஓட்டுநர் ஒரு நெம்புகோலைத் தள்ளியோ பொத்தானை அழுத்தியோ முன் அச்சையும் பின் அச்சையும் இறுகப் பிணைக்கிறார். ஆனால் வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் உருள வேண்டியிருக்கிறது. சேற்றிலும் மணலிலும் சக்கரங்கள் சற்றே சறுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் அதற்கு வழியில்லாமல் அச்சுகள் முறுக்கேறி, பற்சக்கரங்களுக்குக் கேடு வரும். 1983இல் வெளிவந்த ஃபியட் பாண்டா ஃபோர் பை ஃபோர் மிகச் சிறிய கார்தான் என்றாலும், அதுவும் தேவைப்படும்போது மட்டும் ஓட்டுநர் கைப்பட இணைத்துக்கொள்ளும் இந்த வகையைச் சேர்ந்ததே.

ஆல் வீல் டிரைவ் அமைப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே வேக வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும் ஒரு கருவி உண்டு. அது டிஃபரன்ஷியலாகவோ (இருபுறமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டபடியே விசையைப் பகிரும் பற்சக்கரத் தொகுதி), பல தட்டுகள் கொண்ட கிளட்சாகவோ, கெட்டியான திரவம் நிரப்பிய இணைப்பாகவோ இருக்கலாம். அதனால்தான் எந்தச் சாலையிலும், எந்த வேகத்திலும், ஓட்டுநர் எதையும் தொடாமலேயே அது வேலை செய்ய முடிகிறது.

எல்லா நிறுவனங்களின் ஆல் வீல் டிரைவும் ஒரே மாதிரிதானா?

பெயர்ப்பலகை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இருப்பவை வெவ்வேறு. வாங்குவதற்கு முன் உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்வது முக்கியம். பராமரிப்பு, டயர் மாற்றம், பழுதின் அறிகுறிகள் ஆகிய எல்லாமே அதைப் பொறுத்துத்தான் அமையும்.

1992இல் அறிமுகமான சுபாரு இம்ப்ரெசாவில் இன்ஜின் காரின் நீளவாக்கில் வைக்கப்பட்டிருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து நேராகப் பின்னோக்கி ஒரு தண்டு செல்கிறது. பின்சக்கரங்களுக்கு எப்போதும் ஓரளவு விசை போய்க்கொண்டே இருக்கும். மாறாக, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர், ஆடி எஸ்3, மாஸ்டா3 போன்றவை அடிப்படையில் முன்சக்கர இயக்கக் கார்கள். இவற்றில் பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் உள்ள பல தட்டுக் கிளட்ச் இறுக்கப்படும் அளவுக்கே பின்சக்கரங்களுக்கு விசை செல்லும். ஃபோக்ஸ்வாகன் குழும ஓட்டுநர்கள் இந்தக் கருவியை ஹால்டெக்ஸ் என்றே சொல்வார்கள். அதை உருவாக்கிய சுவீடன் நிறுவனத்தின் பெயர் அது. இன்றைய அமைப்புகள் சக்கரம் சறுக்கும்வரை காத்திருப்பதில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவையும் ஸ்டீயரிங் கோணத்தையும் பார்த்தே கிளட்சை முன்கூட்டி இறுக்கிவிடுகின்றன. மாஸ்டாவின் அமைப்பு வெளிவெப்பநிலையையும் வைப்பர் ஓடுகிறதா என்பதையும்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

சுசுகியின் இக்னிஸ், ஸ்விஃப்ட் ஆகியவற்றின் ஆல்கிரிப் எனப்படும் ஆல் வீல் டிரைவ் வகைகளில் இருப்பது சிலிகான் திரவ இணைப்பு. முன்சக்கரம் வேகமாகச் சுழன்று திரவத்தைக் கலக்கும்போது அது இறுகிப் பின்னச்சையும் இழுக்கிறது. எளிய அமைப்பு, எடையும் குறைவு. ஆனால் ஒரு கணம் தாமதித்துத்தான் துணைக்கு வரும். டொயோட்டா பிரியஸின் ஆல் வீல் டிரைவ் வகையில் முன்னிருந்து பின்னுக்குத் தண்டே கிடையாது; பின்னச்சில் தனி மின்மோட்டார் இருக்கிறது. 2020இல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸில் முன்பின் விசைப் பங்கீட்டை 60:40, 50:50, 30:70 என்று ஓட்டுநரே தெரிவுசெய்யலாம். அது பந்தயத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட கார் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

தினமும் வேலைக்குப் போய்வர இது உண்மையிலேயே தேவையா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை என்பதே என் நேர்மையான பதில். நல்ல தார்ச்சாலையில், மழை பெய்தாலும், நல்ல டயர்கள் போட்ட முன்சக்கர இயக்கக் கார் போதுமானது. நெரிசலில் ஊர்ந்து செல்லும் பயணத்தில் பின்சக்கரங்களுக்கு விசை போகிறதா இல்லையா என்பதை உணரும் வாய்ப்பே அரிது.

ஆனால் உங்கள் வழக்கமான பாதையில் கார் *புறப்பட முடியாமல் தவிக்கும்* இடம் ஒன்று இருந்தால் கணக்கு மாறிவிடும். வீட்டிலிருந்து சாலைக்கு ஏறும் செங்குத்தான மேடு, பனி அகற்றப்படாத கிளைச்சாலை, மழைக்காலத்தில் பாசி பிடிக்கும் கற்சரிவு, ஏற்றத்தின் நடுவே இருக்கும் சிக்னல் ஆகியவை அத்தகைய இடங்கள். ஏற்றத்தில் காரின் எடை பின்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரங்களின் பிடிமானம் குறைகிறது. முன்சக்கர இயக்கக் கார், மிகவும் தேவைப்படும் நேரத்தில் பிடியை இழப்பது இதனால்தான். அதே கணத்தில் எடை ஏறிய பின்சக்கரங்களுக்கும் விசை கிடைத்தால் கார் ஆரவாரமின்றி ஏறிவிடும். இதை ஒருமுறை உணர்ந்தவர்கள் பழைய காருக்குத் திரும்ப விரும்பாததில் வியப்பில்லை.

எனவே ஆண்டில் எத்தனை நாள் மழையோ பனியோ பெய்கிறது என்று எண்ணுவதைவிட, உங்கள் பாதையில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா, அதைத் தவிர்த்துச் செல்ல வேறு வழி உண்டா என்று பார்ப்பதே சரியான அளவுகோல். விடியுமுன் பணிக்குச் சென்றாக வேண்டிய செவிலியருக்கும் தீயணைப்பு வீரருக்கும் ‘இன்று வர இயலாது’ என்று சொல்லும் வசதி இருப்பதில்லை. அவர்களுக்கு இந்தச் செலவு வீண் அல்ல.

பிரேக் பிடிக்கும்போது ஆல் வீல் டிரைவ் உதவுமா?

உதவாது. எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருக்கிறது. நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பவை டயரும் சாலையும்தான். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 12 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் உராய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போது அதே கார் நிற்கச் சுமார் 40 மீட்டர் வேண்டும். இன்ஜின் இரண்டு சக்கரங்களை ஓட்டுகிறதா நான்கை ஓட்டுகிறதா என்பதால் இந்தத் தூரம் மாறுவதில்லை.

இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. சாலை வழுக்குகிறது என்பதை முன்சக்கர இயக்கக் கார் புறப்படும்போதே சொல்லிவிடும்: சக்கரம் சுழலும், ஸ்டீயரிங் தளரும், ஓட்டுநர் எச்சரிக்கை அடைவார். ஆல் வீல் டிரைவ் கார் அந்த எச்சரிக்கையைத் தராமல் வழக்கம்போலவே கிளம்பி வேகமெடுத்துவிடுகிறது. முதல் வளைவிலோ முதல் பிரேக்கிலோதான் உண்மை தெரியவரும். ஆகவே பனியோ மழையோ பெய்த காலையில், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, மெதுவான வேகத்தில் ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சாலையில் பிடி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அந்த ஓர் அழுத்தமே சொல்லிவிடும்.

சாதாரண டயருடன் ஆல் வீல் டிரைவ், குளிர்கால டயருடன் முன்சக்கர இயக்கம்: பனி பெய்யும் இடத்தில் எது மேல்?

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், குளிர்கால டயர். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடியை இழக்கத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் கலவை அப்போதும் இளக்கமாகவே இருக்கும். அது புறப்படுவதற்கு மட்டுமல்லாமல் திரும்புவதற்கும் நிற்பதற்கும் உதவுகிறது. மூன்று மலைமுகடுகளுக்கு நடுவே பனித்துகள் வரைந்த குறி டயரின் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் மிக நன்று. நான்கு சக்கரங்களிலும் குளிர்கால டயரைப் போடுங்கள். இரண்டில் மட்டும் போட்டால் காரின் ஒரு முனை பிடிக்க, மறுமுனை வழுக்கும்.

மைலேஜ் எவ்வளவு குறையும்?

கூடுதல் தண்டு, பின் டிஃபரன்ஷியல், கிளட்ச் ஆகியவற்றால் காரின் எடை பொதுவாக 50 முதல் 100 கிலோ வரை கூடும். அவற்றைச் சுழற்றவும் விசை செலவாகும். ஒரே இன்ஜின் கொண்ட இரு வகைகளை ஒப்பிட்டால் எரிபொருள் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் வரை கூடுதலாகச் செலவாகும். நின்று நின்று செல்லும் நகரப் பயணத்தில் எடையின் பாதிப்பு அதிகம் தெரியும்.

ஒரு டயர் மட்டும் கெட்டுவிட்டால் அதை மட்டும் மாற்றலாமா?

ஆல் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படிக்க வேண்டும். ஏனெனில் மிகப் பெரிய பழுதுச் செலவுகளில் பல இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

205/55 அளவுள்ள 16 அங்குல டயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதிதாக இருக்கும்போது அதன் சுற்றளவு ஏறக்குறைய 1,985 மி.மீ. புதிய டயரின் பட்டன் ஆழம் சுமார் 8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அது 4 மி.மீ. அளவுக்குத் தேயும்போது டயரின் விட்டம் 8 மி.மீ. குறைகிறது, சுற்றளவு 25 மி.மீ. குறைகிறது. கண்ணால் பார்த்தால் தெரியாத வேறுபாடு இது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தேய்ந்த டயர், புதிய டயரைவிட ஆறு சுற்றுகள் அதிகமாகச் சுற்ற வேண்டும். நேரான சாலையில், சீரான வேகத்தில் செல்லும்போதும் இந்த வேறுபாடு ஓயாது. வளைவில் சில நொடிகள் மட்டும் வேலை செய்ய வேண்டிய கருவி, மணிக்கணக்கில் தேய்ந்து சூடாகிறது. சுபாரு கார்களைப் பொறுத்தவரை, நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்கு, அதாவது சுமார் 6 மி.மீ.க்கு மேல் வேறுபடக்கூடாது என்பது சர்வீஸ் மெக்கானிக்குகளிடையே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் அளவு. மேலே சொன்ன எடுத்துக்காட்டு அதைப்போல் நான்கு மடங்கு. கிளட்ச் வகைக் கார்கள் சில இன்னும் சற்றுத் தாராளமான வேறுபாட்டைத் தாங்கும் என்றாலும், உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.

அப்படியானால் பாதி தேய்ந்த நிலையில் ஒரு டயர் கிழிந்துவிட்டால் என்ன செய்வது? நான்கையும் மாற்றுவது ஒரு வழி. அதே நிறுவனத்தின் அதே மாதிரி டயரைப் புதிதாக வாங்கி, மற்ற மூன்றின் ஆழத்துக்கு அதைச் சீவித் தருகிற டயர் கடைகள் சில இடங்களில் உண்டு. புதிய ரப்பரைச் சீவி எறிவது மனத்துக்கு ஒப்பாததுபோலத் தோன்றினாலும், மூன்று நல்ல டயர்களை அது காப்பாற்றுகிறது. அதே அளவு தேய்ந்த பழைய டயர் கிடைத்தால், அது பழுதற்றது என்று உறுதிசெய்துகொண்டு அதையும் பயன்படுத்தலாம்.

இந்த நிலை வராமல் தடுக்க, 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை முன்பின் மாற்றிப் போட்டுவந்தால் நான்கும் ஒன்றுபோலத் தேயும். மாதம் ஒருமுறை காற்றழுத்தம் பாருங்கள். சிறிய ஆழமானி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடங்களில் அளந்து எழுதிவைத்தால், எது தனித்துத் தேய்கிறது என்பது முன்னரே தெரிந்துவிடும்.

சர்வீஸில் கூடுதலாக என்ன செய்ய வேண்டும்?

இன்ஜின் ஆயிலைத் தவிர மேலும் சில ஆயில்கள் இந்தக் கார்களில் இருக்கின்றன: பின் டிஃபரன்ஷியல் ஆயில், முன்புறம் விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டியின் ஆயில், ஹால்டெக்ஸ் வகையில் கிளட்சுக்கென்று தனி ஆயில். வழக்கமான சர்வீஸில் இவற்றைத் தொடாமலேயே காரைத் திருப்பித் தந்துவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால், வேலை விவரத்தில் இவற்றின் பெயரைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.

ஹால்டெக்ஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிளட்சுக்குள் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில். அதை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். புதிய தலைமுறைக் கிளட்சுகளில் மாற்றத்தக்க ஃபில்டர் கிடையாது. அதற்குப் பதிலாகப் பம்பின் வாயில் நுண்ணிய வலை மட்டும் இருக்கிறது. தட்டுகளிலிருந்து உதிரும் கரிய தூள் அந்த வலையில் களிபோல் படிந்து அடைத்துவிடும். ஆயிலை மட்டும் வடித்துப் புதியதை ஊற்றினால் அந்தக் களி அங்கேயே இருக்கும். பம்ப் உறிஞ்ச முடியாமல் திணறி, நாளடைவில் கருகிவிடும். இதில் வருத்தத்துக்குரியது என்னவென்றால், பல நேரங்களில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரிவதில்லை. கார் ஓசையின்றி முன்சக்கர இயக்கக் காராக மாறிவிடும். முதல் பனியோ முதல் சேறோ வரும்வரை உரிமையாளருக்குத் தெரியாது. எனவே ஆயில் மாற்றும்போது பம்பைக் கழற்றி வலையைத் துடைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஆள் நடமாட்டம் இல்லாத சரளைக்கல் பரப்பில் சற்று அழுத்தமாகப் புறப்பட்டுப் பாருங்கள். முன்சக்கரங்கள் மட்டும் கல்லை வாரியிறைத்தால், பின்னச்சுக்கு விசை போகவில்லை என்று பொருள்.

பழைய கார் வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

முதலில் நான்கு டயர்களையும் பாருங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் டயர்களோ, வெவ்வேறு ஆழங்களோ இருந்தால், முந்தைய உரிமையாளர் காரை எப்படி நடத்தியிருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று. விலை பேசுவதற்கு முன்பே விலகிவிடுவது நல்லது.

அடுத்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் நன்றாகச் சூடேறிய பிறகு, காய்ந்த சமதளத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுமையாகத் திருப்பி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் மெதுவாக வட்டமிடுங்கள். கார் தானாக உருள வேண்டும். யாரோ கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்திருப்பதுபோல் திணறினாலோ, விட்டுவிட்டுத் துள்ளினாலோ, நடுவிலுள்ள கிளட்ச் விடுபடாமல் இறுகிக்கிடக்கிறது. பழைய ஆட்டோமேட்டிக் சுபாருகளில் இது நன்கு அறியப்பட்ட கோளாறு. பிறகு மணிக்கு 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டும் மிதித்தும் பாருங்கள். பின்னாலிருந்து ஊளையிடுவதுபோன்ற ஒலி வந்தால் பின் டிஃபரன்ஷியலையும், தரைக்கடியில் உறுமல் கேட்டால் தண்டின் நடுத் தாங்கியையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

டிக்கி இடம் குறையுமா?

பல கார்களில் குறையும். பின் டிஃபரன்ஷியலுக்கு இடம் வேண்டும் அல்லவா? ஏழாம் தலைமுறைக் கோல்ஃபில் சாதாரண வகையின் டிக்கி 380 லிட்டர், கோல்ஃப் ஆர் வகையில் 343 லிட்டர். குழந்தை வண்டி வைப்பவர்கள் அதைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஆல் வீல் டிரைவ் இருப்பதால் வெள்ளத்திலும் மேடுபள்ளத்திலும் இறக்கலாமா?

கூடாது. விசை நான்கு சக்கரங்களுக்கும் போவதால் காரின் உயரம் கூடிவிடுவதில்லை. சுபாரு இம்ப்ரெசாவின் தரை இடைவெளி சுமார் 130 மி.மீ.; அதே அடித்தளத்தில் செய்யப்பட்டு உயர்த்தி நிறுத்தப்பட்ட கிராஸ்ட்ரெக்கில் அது சுமார் 220 மி.மீ. உங்கள் பாதையில் ஆழ்பனியோ குழிகளோ இருந்தால், இந்த 90 மி.மீ. வேறுபாடு பின்சக்கர விசையைவிடப் பெரிய உதவியாக இருக்கும்.

பஞ்சரானால் ஸ்டெப்னி போட்டு ஓட்டலாமா?

டிக்கியில் இருப்பது முழு அளவு டயர் என்றால் பிரச்சினை இல்லை. சிறிய தற்காலிக ஸ்டெப்னி என்றால், மேலே டயர் பற்றிச் சொன்ன வேறுபாடு பன்மடங்காகிவிடும். மெதுவாக, அருகிலுள்ள டயர் கடைவரை மட்டும் ஓட்டுங்கள். அதை எந்த அச்சில் போட வேண்டும் என்பதைச் சில கையேடுகள் தெளிவாகவே குறிப்பிடுகின்றன. பழைய ஆட்டோமேட்டிக் சுபாருகள் சிலவற்றில் இன்ஜின் அறைக்குள் ஒரு வெற்று ஃபியூஸ் இடம் இருக்கும். தற்காலிக ஸ்டெப்னி போடும்போது அதில் ஒரு ஃபியூஸைச் செருகினால் பின்னச்சுக்குச் செல்லும் விசை துண்டிக்கப்படும். கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த ஃபியூஸை எடுத்துவிட வேண்டும்.

பனியில் சிக்கிக்கொண்டால் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைக்கலாமா?

சிக்கிய இடத்திலிருந்து வெளியே வரும்வரை அணைக்கலாம். சக்கரம் சுழலும்போதெல்லாம் அது இன்ஜின் விசையைக் குறைத்துவிடுவதால், முன்னும் பின்னும் அசைத்து வெளியேறுவதற்குத் தேவையான உந்துதல் கிடைக்காது. சாலைக்கு வந்த உடனே மீண்டும் இயக்கிவிடுங்கள்.

கார் நின்றுபோனால் கயிறு கட்டியோ, முன்சக்கரங்களைத் தூக்கியோ இழுத்துச் செல்லலாமா?

நான்கு சக்கரங்களும் தரையில் படாதபடி, தட்டையான மேடை கொண்ட வண்டியில் ஏற்றிச் செல்வதே பாதுகாப்பானது. முன்சக்கரங்களைத் தூக்கிவிட்டுப் பின்சக்கரங்களை உருட்டினால், அவை தண்டையும் நடுக் கிளட்சையும் பின்னாலிருந்து சுழற்றும். இன்ஜின் ஓடாதபோது ஆயில் சுழற்சியும் இராது என்பதால் சிறிது தூரத்திலேயே சேதம் நேரலாம். தூக்கிய சக்கரங்களுக்கு விசை பாய்ந்து, கார் தூக்கியிலிருந்து நழுவும் ஆபத்தும் உண்டு. மீட்பு வண்டிக்குத் தொலைபேசியில் சொல்லும்போது, காரின் பெயரைச் சொல்வதற்கு முன்பே ‘ஆல் வீல் டிரைவ்’ என்று சொல்லிவிடுங்கள். ஹேட்ச்பேக் என்று மட்டும் கேட்டால் சாதாரண முன்சக்கர இயக்கக் கார் என்று எண்ணித் தூக்கு வண்டியை அனுப்பிவிடுவார்கள். அது வந்து நின்ற பிறகு மேடை வண்டிக்காக மீண்டும் காத்திருக்க வேண்டியிருக்கும்.